தரை மாறும் இடத்தில் கால் தடுக்காமல் இருக்க: வீடு புதுப்பிப்போருக்கு 18 குறிப்புகள்

யாங்கோனில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். பர்மியர் வீடானாலும் தமிழர் வீடானாலும் இதுதான் வழக்கம். வெறுங்காலுடன் நடமாடும் வீட்டில் தரையின் குறை கண்ணில் படும் முன்பே காலுக்குத் தெரிந்துவிடும்.

அதே நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்கள் வீடு. ஹாலில் வெறும் சிமெண்ட் தரை. படுக்கையறையில் முன்பு இருந்தவர்கள் போட்ட லேமினேட் பலகை. சமையலறையில் ஒரு டைல்ஸ், குளியலறையில் வேறொரு டைல்ஸ். நான்கு தரையும் நான்கு உயரம். ஹாலிலிருந்து சமையலறைக்குள் நுழையும் இடத்தில் முக்கால் அங்குல மேடு ஒன்று இருந்தது. அத்தை அதில் இரண்டு முறை கால் பெருவிரலை இடித்துக்கொண்டார். இரண்டாம் முறை நகமே பெயர்ந்துவிட்டது. அந்த வாரம்தான் வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

அறையின் நடுவில் டைல்ஸ் ஒட்டுவது எந்த மேஸ்திரிக்கும் கைவந்த வேலை. ஒரு தரை முடிந்து இன்னொன்று தொடங்கும் வாசல், நிலையின் அடி, சுவரோரம், குளியலறைப் படி, பால்கனி விளிம்பு ஆகிய இடங்களில்தான் வேலை கெடுகிறது. அவற்றைப் பற்றி முதல் நாளே பேசாமல், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு யோசிப்பதுதான் காரணம். கீழே உள்ள குறிப்புகளில் பாதி, எங்கள் வீட்டு வேலையில் கற்றது. மீதி, இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது.

1. டைல்ஸ் கடைக்குப் போகும் முன் உயரக் கணக்கு எழுதுங்கள். மேஸ்திரியிடம் லெவல் டியூப் இருக்கும். அதில் தண்ணீர் நிரப்பி, தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில், வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் சுவரில் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழ் ஒன்று தங்கியிருந்தாலும் மட்டம் தவறிவிடும். முதலில் அதை விரலால் தட்டி வெளியேற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கோட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் ஹாலுக்கு 36 அங்குலம், படுக்கையறையில் பலகையைப் பெயர்த்த பிறகு 36 அங்குலம், சமையலறைக்கு 35¼ அங்குலம் என்று இருந்தது. அத்தையின் கால் நகத்தைப் பெயர்த்த முக்கால் அங்குலம் அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது.

இனி, போடப்போகும் தரையின் கனத்தைக் கூட்டுங்கள். இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ் சுமார் 9 மி.மீ. கனம். பசையில் ஒட்டினால் அடியில் இன்னொரு 5 மி.மீ. ஆக 14 மி.மீ. அதையே பழைய முறையில் ஒன்றரை அங்குலக் கலவை கொட்டிப் பதித்தால் 47 மி.மீ. ஆகிவிடும். லேமினேட் பலகை என்றால் அடியில் விரிக்கும் ஃபோமையும் சேர்த்து 10, 11 மி.மீ.

எங்கள் மேஸ்திரி ஹாலில் கலவை கொட்டித்தான் போட வேண்டும் என்றார். அப்படிச் செய்திருந்தால் ஹால் சமையலறையை விட ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, அத்தை இந்தப் பக்கம் இடித்துக்கொண்ட விரலை அந்தப் பக்கம் இடித்துக்கொண்டிருப்பார். பசையில் ஒட்டியதால் ஹால் 14 மி.மீ. உயர்ந்தது, 19 மி.மீ. மேடு 5 மி.மீ. ஆகக் குறைந்தது. சமையலறைத் தரையை நாங்கள் தொடவே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பசையில் ஒட்ட வேண்டுமென்றால் அடித்தளம் சமமாக இருக்க வேண்டும். ஆறடி மட்டப்பலகையைத் தரையில் வைத்து, அடியில் எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். பள்ளங்களை முன்கூட்டியே நிரவிக் காய விட்ட பிறகுதான் டைல்ஸ். பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பினால் காயும்போது அது சுருங்கி, டைல்ஸின் மூலையைக் கீழே இழுத்துவிடும்.

2. வீட்டில் நகர்த்த முடியாத உயரங்கள் எவை என்று முதலில் பாருங்கள். மாடிப்படித் திண்ணை ஒன்று, குளியலறையின் தண்ணீர் வடியும் வாய் ஒன்று. யாங்கோன் ஃபிளாட்டுகளில் மூன்றாவதாக இன்னொன்று உண்டு: கதவுக்கு வெளியே இருக்கும் இரும்புக் கிராதிக் கேட். அது தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடுகிறது. டைல்ஸ் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஏறினாலோ, டைல்ஸ் இடைவெளியில் பூசும் கிரவுட் அதற்குள் வழிந்தாலோ கேட் பாதியில் நின்றுவிடும். தண்டவாளத்துக்கு ஓர் அங்குலம் முன்பே டைல்ஸை நிறுத்தி, ஓரத்தில் எல் வடிவ உலோகப் பட்டி வையுங்கள். கேட்டை முழுதாக இழுத்து மூடிப் பார்த்த பிறகே அந்த வரிசையை ஒட்ட விடுங்கள்.

3. எவ்வளவு உயர வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் தெளிவான அளவு இருக்கிறது. கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. வரை செங்குத்தாக இருக்கலாம். அதற்கு மேல் அரை அங்குலம் வரை சரிவாகச் செதுக்கியிருக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு நீளம். அரை அங்குலத்தைத் தாண்டினால் சாய்தளம்தான். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நம் வீடுகளுக்கு யாரும் வந்து அளந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் வயதானவர் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதில் மிகவும் ஆபத்தானது அரை அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடைப்பட்ட மேடு. ஆறு அங்குலப் படியைக் கண் பார்த்துவிடும், கால் தூக்கி வைத்துவிடும். முக்கால் அங்குலத்தைக் கண் கவனிக்காது. உயர வித்தியாசத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால், அந்த இடத்தில் பட்டியை வேறு நிறத்தில் போடுங்கள். மங்கல் வெளிச்சத்திலும் கோடு தெரியும்.

4. முடிந்தவரை தரை மாறும் இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஒரே டைல்ஸ் என்று முடிவு செய்ததும் எங்களுக்கு ஒரு வாசல் பிரச்சினை அப்படியே காணாமல் போனது. ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு டிசைன் என்ற ஆசை கடையில் நன்றாக இருக்கும். சின்ன ஃபிளாட்டில் அது வீட்டைத் துண்டு துண்டாகக் காட்டும்.

5. இரண்டு தரைகள் சேரும் கோடு மூடிய கதவின் நேர் அடியில் விழ வேண்டும். அப்போதுதான் எந்த அறையில் நின்றாலும் அந்த அறையின் தரை மட்டும் கண்ணில் படும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பார்த்து, கதவை மூடி, பலகையின் இரு விளிம்பையும் தரையில் பென்சிலால் குறித்து, அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் பட்டியை வையுங்கள். பல வீடுகளில் நிலையின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். கதவு நிலையின் நடுவில் இருப்பதில்லை, ஒரு பக்க விளிம்பில்தான் இருக்கிறது. கதவே இல்லாத திறப்பு என்றால் சுவரின் ஒரு முகத்தோடு சேர்த்து நிறுத்துவது பார்க்க நன்றாயிருக்கும்.

6. உலோகப் பட்டியை டைல்ஸோடு சேர்த்தே வாங்குங்கள். அதன் கால் டைல்ஸுக்கு அடியில், பசைக்குள் புதைய வேண்டும். தரை முடிந்த பிறகு வாங்கி வந்தால் மேலே ஒட்டும் பட்டிதான் கிடைக்கும். அது இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. பட்டியின் உயரம் டைல்ஸின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். ஒட்டிய பிறகு பட்டியின் மேல்விளிம்பு டைல்ஸோடு சமமாகவோ ஒரு மயிரிழை தாழவோ இருக்கலாம். மேலே துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது.

சம உயரத் தரைகளுக்கு டி வடிவம். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு என்றால் ஒரு பக்கம் சரியும் பட்டி. வெட்டிய டைல்ஸின் முனை வெளியே தெரியும் இடத்தில் எல் வடிவம். அலுமினியம் ஹாலுக்குப் போதும். தண்ணீர் படும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். பித்தளை அழகு, ஆனால் யாங்கோன் மழைக்காலத்தில் கறுக்கும், புளி போட்டுத் தேய்க்கப் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம்.

7. மரத்தரையும் டைல்ஸும் சேரும் இடத்தில் கிரவுட் போடாதீர்கள். யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. ஏப்ரலில் காய்ந்து சுருங்கிய பலகை ஜூலையில் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும். டைல்ஸ் அசையாது. நடுவில் கிரவுட் இருந்தால் ஒன்று கிரவுட் நொறுங்கும், இல்லையென்றால் பலகை மேலே எழும்பும்.

எங்கள் படுக்கையறைப் பலகையைப் பெயர்த்தபோது காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. சுவர் வரை இடைவெளி விடாமல் இறுக்கி அடித்திருந்தார்கள். சுவரோரப் பலகைகளின் விளிம்பு பஞ்சுபோல் நசுங்கியிருந்தது. நடுவில் நடந்தால் பலகை படகுபோல் அமுங்கி எழுந்ததற்கு அதுதான் காரணம். லேமினேட்டோ மரமோ, சுவரோரத்திலும் வாசலிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம். சுவரோர இடைவெளியைச் சுவரடிப் பட்டையான ஸ்கர்ட்டிங் மறைக்கும், வாசல் இடைவெளியை டி பட்டி மறைக்கும். அந்த டி பட்டியை அடித்தரையில் பொருத்துங்கள். பலகையில் ஆணி அடித்தால் இடைவெளி விட்ட பயனே போய்விடும். பலகைக் கட்டுகளை வேலைக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுவந்து, அதே அறையில் படுக்கவைத்து, அறையின் காற்றுக்குப் பழக விடுங்கள்.

8. பர்மா தேக்குத் தளம் உள்ள பழைய வீடு என்றால் அதன் மேல் கலவை கொட்டி டைல்ஸ் பதிக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒன்றரை அங்குலக் கலவை சதுர மீட்டருக்கு 80 கிலோ வரும். 100 சதுர அடிக்கு முக்கால் டன். மேலே டைல்ஸ் இன்னொரு 200 கிலோ. ஒரு சின்ன அறைக்கே ஏறக்குறைய ஒரு டன் பாரம் உத்தரத்தின் மேல் ஏறுகிறது. அதோடு மரம் ஒவ்வொரு மழைக்கும் அசையும், டைல்ஸ் வெடிக்கும். டைல்ஸ் வேண்டியே தீரும் என்றால் உத்தரங்களை ஒரு பொறியாளர் பார்த்த பிறகு, சிமெண்ட் போர்டு அடித்து அதன் மேல் பசையில் ஒட்டலாம். என் மனதைச் சொல்கிறேன்: தேக்குப் பலகையை இழைத்து எண்ணெய் பூசுங்கள். இந்தத் தேக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் காரைக்குடிப் பக்கம் நம்மவர்கள் தூணும் நிலையும் வைத்தார்கள். அவை இன்னும் நிற்கின்றன.

செட்டிநாட்டு நினைவில் ஓர் அறைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் போட விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கனம் முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். பக்கத்து அறையின் 9 மி.மீ. டைல்ஸோடு சேரும் இடத்தில் ஆத்தங்குடி அறையின் அடித்தளத்தை முன்கூட்டியே தாழ்த்த வேண்டும். அதை ஆசிட் ஊற்றிக் கழுவவும் கூடாது; சிமெண்ட் கல் ஆசிடில் அரித்துப்போகும்.

9. மாடி ஃபிளாட்டிலும் பாரத்தை மறக்க வேண்டாம். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டுவது இங்கே பரவலாக நடக்கிறது. இடிபாடும் மிச்சம், தூசியும் மிச்சம். ஒரு தடவை சரி. மூன்றாவது அடுக்கு வேண்டாம்.

ஒட்டும் முன் பழைய தரையை முழுதாகத் தட்டிப் பாருங்கள். திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டினால் போதும். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பானையைத் தட்டியதுபோல் வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸ் அடியில் பிடிப்பை விட்டுவிட்டது. சாக்கட்டியால் குறி போட்டுப் பெயர்த்துவிடுங்கள். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பக்கத்தை உலுக்கிய 7.7 அளவிலான நிலநடுக்கம் யாங்கோனிலும் உணரப்பட்டது. சகாயிங் பிளவு பகோ பக்கமாகத் தெற்கே இறங்குகிறது. 1930-இல் பகோவை அழித்த நிலநடுக்கமும் அந்தப் பிளவில் எழுந்ததுதான். அப்படிப்பட்ட அதிர்வில் டைல்ஸ் பிடிப்பை விடக்கூடும் என்பதால் இங்கே பழைய தரையைத் தட்டிப் பார்க்காமல் அதன் மேல் புதுத் தரை போடுவது சரியல்ல.

10. சுவரோரம் முழுக்க டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் கால் அங்குல இடைவெளி விட்டு, உள்ளே எதையும் அடைக்காமல் ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள். கலவைத் துணுக்கு விழுந்திருந்தால் சுரண்டி எடுங்கள். தரை விரிவதற்கு அந்த இடம் வேண்டும். நீளமான ஹாலில் அதிகபட்சம் 25 அடிக்கு ஒரு கோடும், வெயில் நேராக விழும் பால்கனி, மொட்டைமாடியில் 8 முதல் 12 அடிக்கு ஒரு கோடும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் நிரப்ப வேண்டும் என்பது வட அமெரிக்க டைல்ஸ் கையேட்டின் அளவு. ஹாலும் படுக்கையறையும் ஒரே டைல்ஸாக ஓடும் வீட்டில் கதவின் அடியில் வரும் கோட்டை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிரவுட் நிறத்திலேயே சிலிக்கான் கிடைக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

11. ஸ்கர்ட்டிங் வராத இடத்தில் தரை சுவரைத் தொடும் மூலை, சுவரும் சுவரும் சேரும் மூலை, சமையல் மேடை சுவரைத் தொடும் கோடு எல்லாவற்றுக்கும் சிலிக்கான்தான், கிரவுட் அல்ல. புளித்த காடி வாசனை அடிக்கும் சிலிக்கானைக் கல்லுக்கும் உலோகப் பட்டிக்கும் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள். கறை பிடிக்கும், துருவேறும். வாசனையில்லாத, நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

12. குளியலறை வாசல்தான் வீட்டிலேயே கடினமான இடம். இங்கே பெரும்பாலான வீடுகளில் தொட்டியில் தண்ணீர் பிடித்து, மொண்டு ஊற்றித்தான் குளிக்கிறோம். ஷவர் தண்ணீர் ஒரே இடத்தில் விழும். மொண்டு ஊற்றும் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்து வாசல் வரை ஓடிவரும்.

வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். வாசலிலிருந்து வடிவாய் வரை ஐந்தடி என்றால் ஒன்றேகால் அங்குலம் இறங்க வேண்டும். இந்த இறக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்பதை முதல் குறிப்பில் எழுதிய தாளிலேயே பார்த்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டத் தொடங்கிய பிறகு பார்த்தால் வாட்டத்தைக் குறைப்பதைத் தவிர வழியிருக்காது. தண்ணீர் மூலையில் தேங்கும்.

நீர்க்காப்புப் பூச்சு தரையோடு நின்றுவிடக் கூடாது. சுவரில் ஆறங்குலம் ஏற வேண்டும், வாசற்படிக் கல்லின் அடியிலும் ஓடி வர வேண்டும். பலரும் படிக் கல்லை முதலில் பதித்து அதன் முகம் வரை பூச்சு அடிக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கல்லின் அடியில் புகுந்து ஹால் டைல்ஸின் கீழ் பரவும். கதவு நிலையின் அடி கறுத்து உளுத்துப்போவது இதனால்தான். பூச்சு காய்ந்ததும் வடிவாயைத் துணியால் அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர்கள் கூரையை ஒருமுறை போய்ப் பாருங்கள். டைல்ஸ் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும்.

படிக் கல்லுக்குக் கிரானைட் நல்லது. மேல்முகம் குளியலறைப் பக்கம் ஒரு நூல் சரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் இல்லாத வீட்டில் இரண்டங்குல உயரம் வைக்கலாம். எங்கள் வீட்டில் ஹாலை விட அரை அங்குலம் மட்டும் உயர்த்தி, இரு ஓரமும் சரித்துச் செதுக்கி, மிச்ச வேலையை வாட்டத்துக்கு விட்டோம். “அமா (அக்கா), இவ்வளவு தாழ்வா வச்சா தண்ணி வெளியே வரும்” என்று மேஸ்திரி தயங்கினார். “சயா (ஐயா), வாட்டத்தை நீங்க சரியா விட்டா வராது” என்றேன். கல்லைப் பதிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றிக் காட்டினார். அது திரும்பி வடிவாயை நோக்கி ஓடியதை இருவரும் நின்று பார்த்தோம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். எல்லோரும் செய்து பாருங்கள்.

13. பால்கனித் தரை ஹாலை விட ஓர் அங்குலமாவது தாழ இருக்கட்டும்; மூன்றாம் குறிப்பில் சொன்ன ஆபத்தான உயரம் இது என்பதால் விளிம்பில் வேறு நிறப் பட்டி போடுங்கள். வாட்டம் வெளியே பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை பக்கவாட்டில் அடிக்கும்போது கதவடியில் புகும் தண்ணீரை இந்த ஓர் அங்குலம்தான் தடுக்கும். பளபளப்பு டைல்ஸ் பால்கனிக்கு வேண்டவே வேண்டாம். ஓரக் கல்லின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், சுவரில் பாசி பிடிக்காது.

14. ஸ்கர்ட்டிங் மூன்று அல்லது நான்கு அங்குலம் போதும். மரநார் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பட்டை கடையில் வெள்ளை வெளேர் என்று நேர்த்தியாக இருக்கும். தினம் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் அதன் அடி ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும். தரைக்குப் போட்ட டைல்ஸிலேயே வெட்டிய ஸ்கர்ட்டிங்தான் நம் பழக்கத்துக்கு ஏற்றது. மேல்விளிம்பில் தூசி தங்காமல் இருக்க, பூச்சைக் கொஞ்சம் கொத்தி, பாதிக் கனத்தைச் சுவருக்குள் இறக்கலாம். தரையின் கோடும் ஸ்கர்ட்டிங்கின் கோடும் ஒரே நேரில் வர வேண்டும். வெளிமூலைகளில் டைல்ஸை 45 டிகிரி சீவிச் சேர்ப்பது அழகு என்றாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கத்திமுனை சீக்கிரம் சிதறும். அங்கே எல் பட்டி வையுங்கள்.

15. நிலைக்காலைச் சுற்றி டைல்ஸை ப வடிவில் குடைந்து பொருத்த வேண்டாம். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். ஒரு துண்டு டைல்ஸைக் கவிழ்த்துப் பசையின் கனத்துக்கு அட்டை சேர்த்து நிலைக்கால் அருகில் வைத்து, அந்த உயரத்துக்கு மரத்தின் அடியை ரம்பத்தால் அறுத்து, டைல்ஸை உள்ளே செருகுங்கள். அறுத்த மரமுனைக்குப் பெயிண்டோ வார்னிஷோ கட்டாயம் பூசுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த முனை வழியாகத்தான். கீழ்ப்படி உள்ள தலைவாசல் நிலை என்றால் இந்த வேலையே கிடையாது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். படிக்கு இரு பக்கமும் தரையை நிறுத்தி, படியை மரமாகவே விட்டுவிடுங்கள்.

16. முதல் டைல்ஸை ஒட்டும் முன் ஒரு வரிசையைப் பசையில்லாமல் அடுக்கிப் பாருங்கள். வாசலில் நின்றால் எதிரே முழு டைல்ஸ் தெரிய வேண்டும். வெட்டுத்துண்டு கட்டிலுக்கடியிலும் அலமாரிக்கடியிலும் போகட்டும். பாதி டைல்ஸை விடச் சின்னத் துண்டு வாசலில் வந்தால் தொடக்கக் கோட்டை நகர்த்துங்கள். பலகை மாதிரி நீள டைல்ஸ் என்றால் செங்கல் கட்டுபோல் பாதிக்குப் பாதி மாற்றி அடுக்க வேண்டாம். நீள டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும். பாதியில் மாற்றினால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் பக்கம் பக்கம் வந்து காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

17. காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். தடிஞ்சுட் விளக்குத் திருவிழா முடிந்து மழை ஓய்ந்த பிறகு ஆரம்பித்து, ஏப்ரலில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் முடிப்பது நல்லது. திஞ்ஜானுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மின்வெட்டு இருப்பதால் கையால் இழுத்து வெட்டும் கட்டர் வைத்திருக்கும் மேஸ்திரியாகப் பார்த்துப் பேசுங்கள். நேர் வெட்டெல்லாம் அதில் முடிந்துவிடும். குடைய வேண்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்து, கரண்ட் வரும்போது கிரைண்டரில் வெட்டலாம். பசுண்டவுங் ஓடைப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஈரச் சோதனை செய்துவிட்டுப் பலகை வாங்குங்கள். ஒன்றரையடிச் சதுர பாலிதீன் தாளை வெறும் சிமெண்ட் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு எடுத்தால், அடியில் நீர் கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ அந்தத் தரைக்கு மரம் ஆகாது.

தேவைக்கு மேல் பத்து சதவீதம் டைல்ஸ் வாங்குங்கள். இரண்டடி டைல்ஸ் பெரும்பாலும் பெட்டிக்கு நான்கு, அதாவது ஏறக்குறைய பதினைந்தரை சதுர அடி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று தெருவிலேயே பாருங்கள். நான்கு மாடி தூக்கிக் கொண்டுவந்த பிறகு திருப்பி அனுப்ப மனம் வராது. இங்கே பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் காய்கறிப் பை ஏறும், செய்தித்தாள் ஏறும். 30 கிலோ டைல்ஸ் பெட்டி ஏறாது. மிஞ்சும் ஒரு பெட்டியைக் கட்டிலுக்கடியில் வையுங்கள். பேட்ச் எண்ணை அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள்.

18. மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், விளக்கைக் குறைத்துவிட்டு, வீட்டிலேயே வயதில் மூத்தவரை வெறுங்காலுடன் எல்லா வாசல்களையும் கடந்து நடந்துவரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் கூடவே நடங்கள். அவர் கால் எங்கே தயங்குகிறதோ அங்கே சாக்கட்டியால் குறி போடுங்கள். எங்கள் வீட்டில் அத்தை நடந்தபோது குளியலறைப் படியின் இடது ஓரத்தில் ஒரு குறி விழுந்தது. சரிவு அங்கே செதுக்கப்படாமல் விட்டுப்போயிருந்தது. மேஸ்திரி பத்து நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்தார். குறி விழுந்த இடமெல்லாம் சரியான பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.